கூதல்மேட்டில் ஒரே அடுப்பு

நிலப்படத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. வேணும் வேணும்னு கேட்டு வாங்குனவங்கள்ல நானும் ஒருத்தி. இதை மொதல்லயே சொல்லிர்றேன். அப்புறம் பாண்டிச்செல்வி ஒரு பக்கமாப் பேசுறான்னு யாரும் வரக்கூடாது.

நான் ஜீப்பு ஓட்டுறவ. கூதல்மேட்டுல ஆளேத்தி ஏலத்தோட்டத்துல விடுறது, கீழ போடிக்கு இறங்கிச் சாமான் ஏத்தியாறது, இதான் பத்தொம்பது வருசமா என் பொழப்பு. கூதல்மேடு மலை உச்சியில இருக்கு. கெழக்க பாத்து நின்னா தமிழ்நாடு, மேக்க திரும்புனா கேரளா. மொத்தம் இருபத்தேழு வீடு, தொண்ணூத்தி மூணு பேரு. தோட்டத்து வரிசை வீட்டை லயம்போம். மேல லயம் பதினாறு வீடு, கீழ லயம் பதினொண்ணு. எல்லாருக்கும் ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே குளிரு. சாப்பாடு மட்டும் கலக்காது. மேல லயத்துக்காரங்க கீழ லயத்துல பச்சத்தண்ணி குடிக்க மாட்டோம். நானும்தான். பெருமைக்குச் சொல்லல, இருந்ததைச் சொல்றேன்.

முன்னாடி எங்க மலை எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்தப் பக்கம் ஒரு ஏழு மாடி ஓட்டலு, அந்தப் பக்கம் அதைவிட ஒசரமா ஒண்ணு. கண்ணாடிப் பாலம், கம்பி வேலி, விடிய விடிய வெளிச்சம். அவங்க கட்டுறாங்க, அதான் நாங்க கட்டுறோம்னு ரெண்டு பக்கமும் ஒரே பதிலு. புல்வெளி பூரா சிமிண்டாப் போச்சு. ஊத்து வத்திப் போயி போடியில குழாய்ல காத்து வந்துச்சு. அப்பத்தான் ரெண்டு மாநிலமும் கூடிப் பேசி, மலை உச்சிய மட்டும் எல்லைக்கோடு இல்லாம ஒரே படமா வரைஞ்சு மெஷின்கிட்ட ஒப்படைச்சாங்க. அதுக்குத்தான் நிலப்படம்னு பேரு. எங்க கட்டலாம், எங்க கூடாதுன்னு அதுதான் சொல்லும். "எந்த ஆபீசரும் இதுல கைவைக்க முடியாதபடி வேணும்"னு ஊர்வலம் போனோம். நான் ஜீப்புல மைக்கு கட்டிக் கத்துனேன். ஆறே வருசத்துல ஓட்டலு ஒண்ணு விடாம இறங்கிருச்சு. ஏழு மாடி சரியுறப்ப நான் விசிலடிச்சேன். புல்லு திரும்பி வந்துச்சு. வரையாடு எங்க குழாயடிக்கே வந்து நின்னுச்சு.

அப்புறந்தான் எங்களுக்கு நோட்டீசு வந்துச்சு.

"கூதல்மேடு: குடியிருப்போர் எண்ணிக்கை சுழியம். கட்டடங்கள் மட்டும் உள்ளன. திறந்த மலையாக அறிவிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருப்பின் இருபத்தெட்டாம் தேதி கேட்பு விசாரணைக்கு வரவும். இரு பக்கப் பதிவுகளையும் கொண்டு வரவும்."

திறந்த மலைன்னா ஓட்டலை இறக்குன மாதிரி எங்க வீடுகளையும் இறக்கிருவாங்க. "சுழியமா? அப்ப நாமெல்லாம் பேயா?"ன்னு கேட்டாரு எங்க அண்ணன் தவசி. கூடப் பொறந்த அண்ணன். எனக்கு ரெண்டு வீடு தள்ளி இருந்தாரு. அப்பன் செத்தப்புறம் என்னைக் கட்டிக் கொடுத்தது அவருதான், எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவருதான்.

காரணம் எங்களுக்குத் தெரியாம இல்ல. எங்க ஊர்ல எல்லா வீட்டுக்கும் ரெண்டு ரேஷன் கார்டு. தமிழ்நாட்டுக் கார்டுல அரிசி, முதியோர் பென்சன். கேரளக் கார்டுல ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். பிள்ளைக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பதிஞ்சிருவோம். இந்தப் பக்கத்து ஆபீசர் கேட்டா அந்தப் பக்கமே தெரியாதும்போம். அந்தப் பக்கத்து ஆபீசர் கேட்டா இந்தப் பக்கம் போனதே இல்லைம்போம். எங்க பிள்ளைக நடக்கப் பழகுறப்பவே இதையும் பழகிரும். இப்ப ரெண்டு பதிவும் ஒரே படத்துக்குள்ள போயிருச்சு. இவங்க அங்க இருக்காங்கன்னு தமிழ்நாட்டுப் பதிவுல அடிச்சு, அவங்க இங்க இருக்காங்கன்னு கேரளப் பதிவுலயும் அடிச்சு, மிச்சம் யாருமே இல்ல.

"ரெண்டு பதிவையும் எதுக்குக் கொண்டாரச் சொல்றான்?"னு கேட்டாங்க கூட்டத்துல.

நான்தான் எந்திரிச்சேன். எனக்கு எப்பவும் வாய் முந்திக்கும். "ரெண்டையும் கேக்குறான்னா ரெண்டையும் புடுங்கப் போறான்னு அர்த்தம். கேட்புக்கு முன்னாடி ஆளாளுக்கு ஒண்ணை நாமளே ஒப்படைச்சிருவோம். ஒத்தைக் கார்டோட யோக்கியமாப் போயி நிப்போம்"னேன். அண்ணன் சரின்னாரு. கீழ லயத்து அடைக்கலமேரி அக்காவும் சரின்னுச்சு. ரெண்டு லயமும் ஒரே பேச்சுப் பேசுனது அதிசயம்.

நாலு நாளு ட்ரிப் அடிச்சேன். வயசானவங்க இருக்க வீடு கேரளக் கார்டை விட்டுச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருக்க வீடு தமிழ்நாட்டுக் கார்டை விட்டுச்சு. அடைக்கலமேரி அக்கா பேத்தி அந்தப் பக்கம் ஒம்பதாவது படிச்சுக்கிட்டிருந்தா. ஆனா வீட்ல படுத்த படுக்கையா இருக்க மாமனாருக்குப் பென்சன் வேணும். ஜீப்புல உக்காந்து ரெண்டு கார்டையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. கடைசியில கேரளக் கார்டைக் கொடுத்துட்டு வந்து ஏறிக்கிச்சு.

என் கேரளக் கார்டை நான் கொடுக்கல.

கொடுத்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். என் புருசன் ரெங்கராசுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாளு கேரளப் பக்கத்து ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணும். அரை மணி நேரத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சிருவேன். அந்தக் கார்டு போனா அந்தப் படுக்கை போச்சு. கொடுப்பேனா நான்? ஊரையெல்லாம் கொடுக்க வெச்சுட்டு என் கார்டை மட்டும் அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சேன். ஈனப் பொழப்புதான். தெரிஞ்சுதான் செஞ்சேன்.

கேட்பு தோட்டத்து ஹால்ல நடந்துச்சு. நிலப்படத்தைப் பாத்துக்கிற ஆணையத்துல இருந்து ஜின்ஸின்னு ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. தொடுபுழாப் பக்கம், முப்பது வயசிருக்கும். அது பேசுறது பாதி மலையாளம், நான் தமிழாவே சொல்லிர்றேன். மேசை மேல ஒரு பெட்டி. அதுலதான் நிலப்படம் பேசும்.

நாங்க வரிசையா ஒத்தைக் கார்டை நீட்டுனோம். அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா வாங்கிப் பாத்துச்சு. பத்தாவது கார்டுக்கு மூஞ்சி மாறிருச்சு.

"இன்னொண்ணு எங்க சேச்சி?"

"இன்னொண்ணா? எங்ககிட்ட எப்பவுமே ஒண்ணுதானம்மா"ன்னேன் நான். சொல்லிப் பழகுன வாயி.

"ஐயோ சேச்சி, ரெண்டையும் கொண்டு வாங்கன்னுதான எழுதியிருந்துச்சு!" அது தலையில கைய வெச்சிருச்சு. "ரெண்டு பக்கமும் பதிவு இருக்க வீட்டாளு நேர்ல வந்து நின்னா, சுழியத்தை அடிச்சுட்டு நிலப்படம் எல்லைக்குடின்னு எடுத்துக்கும். எல்லைக்குடிய மலையில இருந்து இறக்கக் கூடாதுன்னு தனியா ஒரு விதியே இருக்கு. உங்கள மாதிரி ஆளுகளுக்காகவே எழுதுன விதி. மாடு மேய்க்க, புல்லைப் பாத்துக்க மலையில நாலு பேரு வேணும்ல? ஒரு பக்கம் மட்டும் இருந்தா அந்தப் பக்கத்துல எங்கயாவது எடம் கொடுத்து இறக்கிரும்."

கார்டு இன்னும் கையில இருந்தவங்க அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"சரிம்மா, திருப்பி வாங்கிக்கிறோம்"னாரு அண்ணன். "நேத்துத்தான கொடுத்தோம். சொல்லி எடுத்துக் கொடு."

"முடியாது சேட்டா. ஒப்படைச்சது ஒப்படைச்சதுதான். என்னால ஒரு எழுத்து மாத்த முடியாது. எந்த ஆபீசராலயும் முடியாது. அப்படித்தான செய்யச் சொன்னீங்க எல்லாரும்?"

நான் மைக்கு கட்டிக் கத்துனது எனக்கு ஞாபகம் வந்துச்சு. யாரும் என்னைப் பாக்கலைன்னாலும் கூசுச்சு.

அப்ப அந்தப் பெட்டி பேசுச்சு. "இருபத்தாறு வீடுகளுக்கு ஒற்றைப் பதிவு. பதினான்காம் எண் வீடு, பாண்டிச்செல்வி. இரு பதிவுகளும் நடப்பில் உள்ளன. எல்லைக்குடி."

ஆத்தாடி! தொண்ணூத்திரெண்டு பேரும் திரும்பிப் பாத்தாங்க.

"அடிப்பாவி"ன்னாரு அண்ணன். ரெங்கராசு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவருக்கே தெரியாது. அடைக்கலமேரி அக்கா பக்கத்துல வந்து, "என் பேத்திய பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டேன்டீ. உன் பேச்சைக் கேட்டு"ன்னுச்சு. கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. மெதுவாச் சொல்லுச்சு.

எனக்கு அழுகை வரல. கோவம் வந்துச்சு, என் மேல. அந்தக் கோவத்துல ஜின்ஸிகிட்டப் போனேன். "இந்தாம்மா, எல்லைக்குடி வீடுன்னா அதுல எத்தனை பேரு இருக்கலாம்?"

"எத்தனை பேரு வேணா இருக்கலாம்."

"எத்தனை கூரை?"

"கூரைய எண்ண மாட்டாங்க சேச்சி. மலைக்குடும்பம் நாலு குடிசையில பிரிஞ்சுதான படுக்கும்? ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறவங்க ஒரு குடும்பம். சென்சஸ் எடுக்கிறப்ப காலங்காலமா இருக்க கணக்குதான் இது." சொல்லிக்கிட்டே வந்த பொண்ணு சட்டுன்னு நிறுத்திருச்சு. என்னையப் பாத்துச்சு. அப்புறம் குனிஞ்சு பேனாவைத் தேடுற மாதிரி தேடுச்சு.

நான் பெட்டி முன்னாடி போயி நின்னேன்.

"உங்கள் வீட்டில் குடியிருப்போர் எத்தனை பேர்?"

"தொண்ணூத்தி மூணு பேரு."

"பெயர்களையும் உறவு முறையையும் சொல்லவும்."

சொன்னேன். ஒரு மணி நேரம் ஆச்சு. ரெங்கராசு, புருசன். தவசி, அண்ணன். பவளக்கொடி, மதினி. மேல லயத்துல இருந்தவங்களைக் கொழுந்தன், நாத்தனான்னு அடுக்குனேன். கீழ லயம் வந்தப்ப நாக்கு ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் அடைக்கலமேரி, பெரியம்மா மக, அக்கான்னேன். அந்தக்கா என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. பெட்டி ஒவ்வொருத்தரா "சம்மதமா?"ன்னு கேட்டுச்சு. ஒவ்வொருத்தரா சம்மதம்னாங்க. அண்ணனும் சொன்னாரு, கொஞ்சம் பொறுத்து.

"நாற்பது நாள் சோதனை. காலை ஆறரை மணி உணவு. குடியிருப்பில் ஒரே ஒரு அடுப்பின் வெப்பம் மட்டும் இருக்க வேண்டும். அதன் பிறகும் அவ்வப்போது பார்க்கப்படும்."

வானத்துல இருந்து சூட்டைப் பாக்குமாம். கரண்டு அடுப்பும் கணக்குதான்.

அன்னைக்குச் சாயங்காலமே மேல லயத்துல கூட்டம். "நம்ம பொம்பளைக சமைக்கட்டும். கீழ லயத்தாளுக நம்ம கையில திங்காதவங்களா என்ன? சோலி முடிஞ்சுது"ன்னாரு அண்ணன். எல்லாரும் ஆமான்னாங்க. நான்தான் போயி அடைக்கலமேரி அக்காகிட்டச் சொன்னேன்.

அந்தக்கா தோட்டத்து கேண்டீன்ல நூறு பேருக்குச் சமைச்ச ஆளு. எங்க ஊர்ல அத்தனை பேருக்கு உலை வெக்கத் தெரிஞ்ச ஒரே கை.

"எங்க பதினோரு வீடும் சேந்தாத்தான கணக்கு?"ன்னுச்சு.

"ஆமாக்கா."

"அப்ப ஒரு நாளு உங்க சமையலு, ஒரு நாளு எங்க சமையலு. இல்லைன்னா எங்க பேரை எடுத்துரு. போடியில போயி இருந்துக்கிறோம். அக்கான்னு சொன்னேல்ல பெட்டி முன்னாடி? அக்கா வீட்ல திங்க மாட்டியா நீ?"

அதை அப்படியே மேல லயத்துல வந்து சொன்னேன். முனகிக்கிட்டே ஒத்துக்கிட்டாங்க.

குழாயடியில அடுப்பு கட்டுனோம். மொத நாளு எங்க சமையலு. ரெண்டாம் நாளு அவங்க. வரகரிசிக் கஞ்சியும் தேங்காத் தொவையலும். தட்டை வாங்கிட்டேன், உள்ள இறங்கல. நாப்பத்தெட்டு வருசம் இறுக்கி வெச்ச தொண்டை, இறங்குமா? அந்தக்கா கரண்டியோட நின்னு என்னையவே பாத்துச்சு. முழுங்கிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. எங்க சமையலைவிட நல்லாவே இருந்துச்சு. அதை ஒத்துக்கிறதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

குளிக்கச் சுடுதண்ணியும் அங்கதான், கைப்பிள்ளைக்குப் பாலும் அங்கதான், டீயும் அங்கதான். ஒரு அண்டாவுக்கு இருபது பேரு வரிசை. சண்டை வரும், சிரிப்பாணி வரும். மேல லயத்துல பாதிப் பேரு மொத வாரம் தட்டை வாங்கி நாய்க்கு வெச்சாங்க. ரெண்டாவது வாரம் நாய்க்கு மிச்சம் இல்ல. தோட்ட வேலைக்குப் போறவன் எத்தனை நாளு வெறும் வயித்தோட போவான்?

பதினாலாம் நாளு ஜின்ஸி போன் பண்ணுச்சு.

"சேச்சி, ரெண்டாவதா ஒரு அடுப்பு தெரியுதே? மேல லயத்துக் கடைசி வீடு. இதுல என்னன்னா, தினமும் இல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எரியுது. அது ஏன் அப்படி?"

எதுக்கெடுத்தாலும் முந்துற வாயி, அந்தப் பொண்ணுகிட்ட அந்த ஒரு காரணத்தைச் சொல்ல வரல. அது என் அண்ணன் வீடு.

"இருபத்தோராம் நாளு பாதிக் கணக்கு எடுக்கும், அதுக்குள்ள நிக்கணும் சேச்சி. இல்லைன்னா ரெண்டு அடுப்பு, ரெண்டு குடும்பம்னு ஆயிரும். மொத்தமும் போயிரும். அதுக்கு முன்னாடி பேரை நீக்குனா அந்த வீடு மட்டும்தான் போகும். குடும்பத் தலைவி நீங்கதான். நீங்கதான் செய்யணும்."

போனேன். மதினி வாசல்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. மொத வாரம் மதினி வந்து ஒரு நாள் அந்தக் கஞ்சியக் குடிச்சுச்சு. அதோட அண்ணன் நிறுத்திட்டாரு.

"அண்ணே, ஒரு வாயி. பேருக்கு ஒரு வாயி. வெறும் தட்டோட வந்து உக்காந்தாக்கூடப் போதும், இங்க அடுப்பு எரியாம இருந்தாச் சரி."

"தங்கச்சி வீட்டுக்குக் கூப்புட்டா வந்து திம்பேன். அது உன் வீடா?"

"கணக்குல என் வீடுதான்."

"எனக்கு உன் கணக்கு வேணாம். நாளைக்கு என்னைய எங்க ஆளுக எவன் வீட்டு விசேசத்துலயாவது பந்தியில உக்கார விடுவானா? நம்ம அப்பன் பேரு என்னாகும்?"

"வீடே போயிருமேண்ணே! இங்கன இருக்க தொண்ணூத்திச் சொச்சம் பேரும் தெருவுல நிப்பாங்க. உங்க மச்சானை நான் கீழ இருந்து வாரம் மூணு தடவ எப்படித் தூக்கிட்டு ஏறுவேன்?"

"அப்ப என் பேரை எடுத்துரு."

"அண்ணே!"

"எடுத்துரு பாண்டி. நான் எடுக்கச் சொன்னேன்னு இருக்கட்டும். உன் மேல வருத்தமில்ல." அப்படித்தான் சொன்னாரு. ஆனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் சொன்னாரு.

இருபதாம் நாளு வரைக்கும் தினமும் போனேன். கால்லயும் விழுந்தேன். மதினி அழுதுச்சு. அன்னைக்குக் காலையிலயும் அந்தக் கூரையில புகை வந்துச்சு. அடைக்கலமேரி அக்கா கரண்டிய அப்படியே வெச்சுட்டு, "நான் வேணும்னா சமைக்கல பாண்டி. உங்க பொம்பளைகளே சமைக்கட்டும். உன் அண்ணன் இருக்கட்டும்"னுச்சு. நெசமாத்தான் சொல்லுச்சு. ஒரு நிமிசம் சரின்னு சொல்லிரலாம்னுதான் எனக்கும் இருந்துச்சு. அந்தக்கா பின்னாடி அது பேத்தி தண்ணிக் கொடத்தை வெச்சுக்கிட்டு என்னையப் பாத்துக்கிட்டு நின்னா.

"வேணாங்க்கா. நீ ஊத்து"ன்னேன்.

கஞ்சியக் குடிச்சுட்டுத்தான் நிலப்படத்துக்குப் போன் போட்டேன்.

"நீக்க வேண்டிய பெயர்?"

"தவசி. பவளக்கொடி."

"உறவு முறை?"

"அண்ணன், மதினி."

"நீக்கக் காரணம்?"

"ஒரே அடுப்பு இல்ல."

"பதிவு செய்யப்பட்டது."

அவங்க கோயம்புத்தூர்ல மக வீட்டுக்குப் போயிட்டாங்க. சாமானை நான்தான் ஜீப்புல ஏத்திக் கீழ இறக்குனேன். போடி வரைக்கும் அண்ணன் முன் சீட்டுல உக்காந்து வளைவுக்கு வளைவு "கியரைக் குறை, கியரைக் குறை"ன்னுக்கிட்டே வந்தாரு. மறுவாரம் இடிக்கிற மெஷின் வந்து அரை நாள்ல அந்த வீட்டை எடுத்துட்டுப் போச்சு. அஸ்திவாரக் கல்லைக்கூட விடல. ஐப்பசி மழைக்கு அந்த எடத்துல புல்லு வந்துருச்சு. அடைக்கலமேரி அக்கா பேத்தி மறுபடி பள்ளிக்கூடம் போறா. எல்லைக்குடிக்கு ரெண்டு பக்கமும் செல்லும்ல, அதனால சேத்துக்கிட்டாங்க. ரெங்கராசுக்குச் செவ்வா, வியாழன், சனி படுக்கை அப்படியே இருக்கு. நாப்பது நாளு முடிஞ்சும் அடுப்பு ஒண்ணுதான்.

இப்ப பட்டியல்ல தொண்ணூத்தியொரு பேரு இருக்கோம். அன்னைக்கு ஹால்ல ஒரு மணி நேரம் நின்னு நான் சொன்ன உறவுல, என் புருசனை விட்டா, அண்ணன், மதினின்னு சொன்ன அந்த ரெண்டு மட்டும்தான் உண்மை. அந்த ரெண்டைத்தான் அடிச்சேன்.